புத்தகம் என் நிம்மதியைக் கெடுக்கிறதா?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

நான் திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. மகன் கொழும்பில் வேலை செய்கிறான். வீட்டில் நானும் இவரும் மட்டும்தான். சின்ன வயதிலிருந்தே வாசிப்புத்தான் என் சந்தோஷம். இப்போது அதையே ஒரு குற்றமாக்கிவிட்டார்கள்.

"புத்தகமும் கையுமாக இருந்து இருந்துதான் நீ இப்படி உம்மென்று ஆகிவிட்டாய்" என்கிறார் இவர். மச்சாள் வந்தால் அதற்கு ஒத்து ஊதுகிறா. "வாசிக்காத நாங்கள் சந்தோஷமாத்தானே இருக்கிறம். சோகக் கதையளை ஏன் தலைக்குள்ள ஏத்திறியள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டா. பின்னேரத்தில் டச் பே கடற்கரைக்குப் போவோம் என்று இவர் கூப்பிடுவார். போனால் கச்சான் கொறித்துக்கொண்டு யார் வீடு கட்டுகிறார்கள், யார் வெளிநாடு போகிறார்கள் என்ற கதைதான். அதற்கு வீட்டில் புத்தகத்தோடு இருந்துவிடலாம். இவர் நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்த்தாலும் நான் ஒன்றும் சொல்வதில்லையே. எனக்கென்று ஒரு மணித்தியாலம் கிடையாதா? ஒருநாள் அதிசயமாக "என்ன கதை அது?" என்று கேட்டார். சொன்னால் விளங்கவா போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பாடசாலையில் வேறு தொல்லை. ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு "வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்" என்று நான்தான் பேச வேண்டுமாம். புத்தகம் வாசிப்பவர்கள் கூடக்காலம் வாழ்கிறார்கள் என்று ஆராய்ச்சி இருக்கிறது, அதையும் சொல்லுங்கோ என்கிறா கூடப் படிப்பிக்கும் ஒரு ரீச்சர். கேட்கவே எரிச்சலாக இருந்தது. இவர் ஒன்று சொல்ல, மச்சாள் ஒன்று சொல்ல, எதை வாசித்தாலும் அந்தப் பேச்சுத்தான் காதில் நிற்கிறது. கண்ணாடியும் மாற்றிப் பார்த்தேன், ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாலும் மனதில் ஏறுவதில்லை. போன மாரியில் அம்மா போனதிலிருந்து இப்படித்தான். கடைசிக் காலத்தில் அவவுக்குக் கண் தெரியாததால் நான்தான் வாசித்துக் காட்டுவேன். அது வேறு கதை, வயதுக் கோளாறாகவும் இருக்கும். என் கேள்வி இதுதான்: வாசிப்பு மனிதரைச் சந்தோஷப்படுத்துமா, துக்கப்படுத்துமா? இவருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது?

*

அன்புச் சகோதரிக்கு,

"அது வேறு கதை" என்று நீங்கள் தள்ளிவிட்ட இடத்தில் நான் நின்றுவிட்டேன். மச்சாளுக்கான பதில் பிறகு இருக்கட்டும். முதலில் அம்மாவைப் பற்றிப் பேசுவோம்.

நீங்கள் சில மாதங்களாக வாசிக்கவே இல்லை. கையில் புத்தகம் இருக்கிறது, அவ்வளவுதான். வாசிக்கும்போது முன் வரியை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போகிறோம். மனம் ஓர் இழப்பையே சுற்றிக்கொண்டிருந்தால் அந்த முன் வரி தங்காது. நெருங்கியவரை இழந்த பலருக்கு இப்படி நடக்கும். 47 வயது இதற்குக் காரணமல்ல. துக்கம் உங்கள் வாசிப்பைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர்கள் புத்தகத்தின் மேல் பழியைப் போட, நீங்களும் அரைவாசி நம்பிவிட்டீர்கள்.

சோகக் கதை வாசித்து ஒருவர் மாதக்கணக்காகச் சோர்ந்து போவதில்லை. அழுதாலும் அழுத பிறகு ஓர் ஆறுதல் வரும். இது உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் கணவர் சொன்ன காரணம் பிழை. ஆனால் அவர் கண்டது பிழையில்லை. நீங்கள் மாறிவிட்டீர்கள் என்பதை அந்த வீட்டில் கவனித்தவர் அவர்தான். சொல்லத் தெரியாமல் சொல்லியிருக்கிறார். கடற்கரைக்குக் கூப்பிடுவதும் கச்சானுக்காக இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். "என்ன கதை அது?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விட்டது நியாயமில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அவவும் இடையில் "பிறகு?" என்று கேட்டிருப்பா. உங்களுக்கு விளங்காது என்று அவவிடம் சொல்லியிருப்பீர்களா? வாசிப்புத் தனிமையில் செய்யும் காரியம் என்று நினைக்கிறோம். உங்கள் வாசிப்பில் இரண்டு பேர் இருந்திருக்கிறீர்கள். ஒருவர் போனதும் மற்றவருடைய சந்தோஷமும் போய்விட்டது. இப்போது புத்தகம் உங்களுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு சுவராக நிற்கிறது. அதை எழுப்பியது இவர் அல்ல.

அந்த ரீச்சர் சொன்ன ஆராய்ச்சி உண்மையானது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் 2016இல் வெளியிட்டது. 50 வயதைத் தாண்டிய 3,635 பேரை 12 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தபோது, புத்தகம் வாசிப்பவர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததாகக் கண்டார்கள். ஆனால் அவர்கள் அளந்தது ஆயுளை. அந்த ஆண்டுகள் சந்தோஷமாகக் கழியுமா என்பது வேறு கேள்வி. பூரணமாக்கும் என்ற வாசகமும் அப்படித்தான். அது பிரான்சிஸ் பேக்கன் 1597இல் எழுதியது. பாடசாலைச் சுவர்களில் முதல் பகுதியை மட்டும் எழுதிவைக்கிறோம். வாசிப்பையடுத்து, பிறருடன் கலந்து பேசுவதையும் எழுதுவதையும் அதே வசனத்தில் சேர்த்துத்தான் அவர் சொன்னார். வாசித்ததை ஒருவரிடம் சொல்லும்போதும் ஒரு சந்தோஷம் வரும். உங்களிடம் இல்லாமல் போனது அதுதான்.

ஆகவே இவருக்கு விளங்கப்படுத்த ஒன்றுமில்லை. ஒரு பின்னேரம் கடற்கரைக்குப் போங்கள். அன்று அவர் கேட்ட கதையை, நினைவிருக்கும் அளவுக்குச் சொல்லுங்கள். அம்மாவைப் பற்றியும் சொல்லுங்கள், இவரும் அவவை இழந்தவர்தான். புதுப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய ஒன்றை எடுத்து, இரண்டு பக்கம் சத்தமாக வாசியுங்கள். அழுகை வந்தால் வரட்டும். ஒக்டோபர் பேச்சு பாரமாக இருந்தால் மறுத்துவிடலாம், அதில் குற்றமில்லை.

இந்த மாரியில் ஆட்டத்திவசம் வரும். மழை பிடித்ததும் எல்லாம் புதிதாக வலிக்கலாம், முன்கூட்டியே மகனையும் வரச் சொல்லுங்கள். நித்திரையும் சாப்பாடும் குழம்பி, எதிலும் விருப்பமில்லாமல் இரண்டு கிழமைக்கு மேல் போகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், ஒரு வைத்தியரைப் பாருங்கள். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்று தோன்றினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.