மனசாட்சி உள்ளவர்கள் ஆற்றைக் கெடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது எப்படி?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா இதை 'அறநெறி விலகல்' என்றார். அதாவது, மனசாட்சி உறுத்தாதபடி தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வது. தன்னைக் கெட்டவனாக நினைக்க யாருக்கும் பிடிக்காது. தொழில் முறையை மாற்றவோ பணம் வேண்டும். எனவே மனம் ஒரு நியாயத்தைத் தேடிப் பிடிக்கிறது.

திருப்பூர் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்கென்றே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. நிலம் பாழான விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011-இல் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் வழக்கமாக எழும் வாதங்கள்: "எத்தனை பேருக்கு வேலை தருகிறோம்!", "நான் ஒருவன் விடுவதாலா ஆறு கெட்டது?" தெருமுனையில் குப்பைப் பையை வீசுகிறவர், "ஏற்கெனவே குவிந்துதானே கிடக்கிறது" என்பாரே, அதே மாதிரிதான்.

சரி, இவர்கள் தெரிந்தே பொய் சொல்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம்; பெரும்பாலும் அப்படியில்லை, சொல்வதை மனதார நம்புகிறார்கள்.