வீடு வீடாகக் கேள்வி கேட்கும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா,

உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். "பன்னிரண்டு வருஷம் படிக்க வைத்தது கதவு தட்டவா?" என்று கேட்டிருந்தீர்கள். மகள் சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு, முடித்துவிட்டு ஏ நிலைத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். அந்த இடைவெளியில் ஒரு பல்கலைக்கழகக் கருத்தாய்வு நிலையத்துக்காகப் பகுதிநேரப் பேட்டியாளராகப் போக ஆசைப்படுகிறாள். பக்கத்து வீட்டுப் பையனோ கோடிங் வகுப்புக்குப் போகிறான். கவலை வராமல் என்ன செய்யும்?

போகட்டும் என்பதுதான் என் பதில். இதையே தொழிலாக்கிக்கொள் என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் செய்து பார்க்கட்டும் என்பேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் வெளியே தெரிவது கதவு தட்டுவது மட்டும்தான்.

ஒரு கருத்தாய்வு பல மாதம் காகிதத்தில் கிடந்துவிட்டுத்தான் உங்கள் வாசலுக்கு வருகிறது. எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம், யாரிடம் கேட்கப் போகிறோம், எத்தனை பேர் போதும் என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு கேள்வித்தாள், மொழிபெயர்ப்பு, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், சிறிய வெள்ளோட்டம். அதற்கப்புறம்தான் மகள் கையில் டேப்லெட் வருகிறது.

முகவரிகள் எங்கிருந்து வருகின்றன? இங்கே பல ஆய்வுகளுக்குப் புள்ளிவிவரத் துறையிடமிருந்து, குலுக்கல் முறையில் எடுத்த வீட்டு முகவரிப் பட்டியலை வாங்குகிறார்கள். ஈசூன் வட்டாரத்தில் ஒரு புளோக், எட்டாவது மாடி, இந்த எண் என்று பட்டியல் சொன்னால் அந்த வீடுதான். மணி அடித்தும் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வர முடியாது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இது பிடிபடவே ஒரு வாரம் ஆகும். எதிர்வீட்டு அம்மா சிரித்த முகத்தோடு "என்ன வேணும் கண்ணு?" என்று நிற்பார், அவரிடம் கேட்கக்கூடாது!

காரணம் எளிது. திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு யார் வீட்டில் இருப்பார்கள்? ஓய்வு பெற்றவர்கள், இல்லத்தரசிகள், உடம்பு முடியாதவர்கள். பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் போயிருக்கும் பாதுகாவல் அதிகாரி இருக்க மாட்டார். கிடைத்தவரிடம் கேட்டுக்கொண்டே போனால் வேலைக்குப் போகிறவர்களின் குரல் கணக்கிலேயே வராது. அதனால் அதே வீட்டுக்கு மறுபடி சாயங்காலம், மறுபடி ஞாயிற்றுக்கிழமை என்று ஏறி இறங்க வேண்டும். கதவு திறந்தாலும் திறந்தவரிடமே கேட்டுவிட முடியாது. வீட்டில் இருக்கும் பெரியவர்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும் என்பதுபோல ஒரு விதி இருக்கும். கோபக்கார அப்பாவுக்குப் பதில் பேசத் தயாராக இருக்கும் பையனைப் பிடித்துக்கொள்ள முடியாதபடி செய்யும் ஏற்பாடு அது.

எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. நம் சமூகத்தை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர்கள் 9 விழுக்காடு. குலுக்கலில் 1,000 பேரை எடுத்தால் ஏறக்குறைய 90 இந்தியர்கள் வருவார்கள். மொத்த 1,000 பேரின் பதிலில் பிழை வரம்பு சுமார் 3 விழுக்காட்டுப் புள்ளி, மேலேயோ கீழேயோ. அது பரவாயில்லை. ஆனால் அந்த 90 பேரை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பிழை வரம்பு 10 புள்ளிக்கு ஏறிவிடும். "இந்தியர்களில் 55 விழுக்காட்டினர் இப்படி நினைக்கிறார்கள்" என்று வந்தால் உண்மை 45 ஆகவும் இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம். இதை வைத்து யாரும் கொள்கை வகுக்க முடியாது.

அதனால் இன, சமய விஷயங்களை ஆராயும்போது சிறுபான்மையினரைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 90க்குப் பதில் 400 இந்தியர்களைப் பேட்டி கண்டால் வரம்பு 5 புள்ளிக்கு இறங்கும். அப்புறம் மொத்தக் கணக்குப் பார்க்கும்போது இந்த 400 பேரும் சேர்ந்து 90 பேருடைய எடைதான் பெறும்படி திருத்திவிடுவார்கள். அதாவது ஒவ்வொருவரும் கால் ஆளுக்கும் சற்றுக் குறைவு. கேட்கும்போது அவமானமாகக்கூடத் தோன்றும். ஆனால் நம்மைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

அந்தக் கூடுதல் 310 பேர் வீட்டுக்கும் யார் போவார்கள்? அவர்களில் பலர் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவிடுவார்கள். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் அதே கணக்கெடுப்பில், எல்லா இனத்தவரையும் சேர்த்து ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடுதான். ஆனால் தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேசக்கூடிய தாத்தா பாட்டிகள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தமிழ் தெரிந்த பேட்டியாளர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது. உங்கள் மகள் வீட்டில் தமிழ் பேசுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதை விண்ணப்பத்தில் முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் விடுமுறைக்கு நானும் இந்த வேலை பார்த்தவன். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம். காகிதக் கேள்வித்தாள் காலம். ஒரு பாட்டி இரும்புக் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கேட்காமலேயே மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "சமய அமைப்புகள்மீது உங்களுக்கு எந்த அளவுக்கு நம்பிக்கை இருக்கிறது?" என்று படித்தேன். பாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது. "வெளக்கேத்தாம பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன் தம்பி, எனக்கா நம்பிக்கை இல்ல?" என்றார். நான் "மிக அதிகம்" என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அவர் சொன்னது கடவுள் நம்பிக்கை. தாளில் கேட்டிருந்தது, அந்த அமைப்புகளை நடத்துகிறவர்கள் நேர்மையாக நடப்பார்கள் என்று நம்புகிறீர்களா என்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அன்று நான் இதைக் கவனிக்கவே இல்லை. மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோதுதான் உறைத்தது. இன்னும் எத்தனை பேர் அப்படிப் பதில் சொன்னார்களோ!

இதைத் தடுக்கத்தான் நல்ல நிலையங்கள் மொழிபெயர்ப்போடு நிறுத்திக்கொள்வதில்லை. தமிழ்க் கேள்வியை இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் "நம்பிக்கை" அந்தச் சோதனையில் தேறிவிடும், ஏனென்றால் மொழிபெயர்ப்பில் தவறே இல்லை. பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்து, பதில் சொன்ன கையோடு "இந்தக் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள், என்ன நினைத்து இந்தப் பதிலைச் சொன்னீர்கள்?" என்று துருவிக் கேட்பதுதான் கைகொடுக்கும். பாட்டி அந்தப் பதினைந்து பேரில் ஒருவராக இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

"வீட்டில் எத்தனை பேர்?" என்ற கேள்வியும் அப்படித்தான். பொங்கோலில் தனிக்குடித்தனம் இருக்கும் மகளையும் ஆஸ்திரேலியாவில் படிக்கும் பேரனையும் சேர்த்துச் சொல்வார்கள், கூடவே இருக்கும் பணிப்பெண்ணை விட்டுவிடுவார்கள். நம் ஆட்கள் சொல்வது குடும்பம், ஆய்வுக்கு வேண்டியது அந்தக் கூரையின்கீழ் வசிப்பவர்கள். அப்புறம் "வாழ்க்கை திருப்தியா?" என்று கேட்டால் "ஏதோ போகுதும்மா" என்ற பதில் வருகிறதே, அதை "மிகவும் திருப்தி" முதல் "திருப்தியே இல்லை" வரையான ஐந்து கட்டத்தில் எதில் போடுவது? பேட்டியாளர் தானே முடிவு செய்யக்கூடாது. ஐந்து விடைகளையும் மறுபடி படித்துக் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்கிறேன் பேர்வழி என்று சொந்தச் சரக்கைச் சேர்த்தால் ஆளுக்கொரு கேள்வி கேட்டதாகிவிடும்.

அந்த ஐந்து கட்ட அளவுகோலை 1932ல் கொண்டுவந்தவர் ரென்சிஸ் லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1946ல் கருத்தாய்வு நிலையம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். இன்றைக்கும் இந்தத் துறையினர் பயிற்சிக்கு நாடிப் போகும் இடங்களில் அது ஒன்று. மகளிடம் இந்தப் பெயரைச் சொல்லி வையுங்கள், தேடிப் படிப்பாள்.

சரி, பாதுகாப்பு. வேலைக்குச் சேருமுன் அவள் கேட்க வேண்டியவை சில உண்டு. கள வேலையைப் பல நேரங்களில் பல்கலைக்கழகம் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடும். அதனால் சம்பளம் தருவது யார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். புகைப்பட அட்டை உண்டா, வீடுகளுக்கு முன்கூட்டியே கடிதம் போயிருக்கிறதா, கூட்டுரிமை வீடுகளுக்குள் நுழைய நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டார்களா, பிரச்சினை என்றால் உடனே அழைக்க மேற்பார்வையாளர் எண் உண்டா, இருவராகப் போகலாமா என்று கேட்கட்டும். வாசலில் நின்றே பேசலாம், உள்ளே போக வேண்டிய கட்டாயம் இல்லை. (நான் மைலோ குடித்ததை முன்னுதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) மோசடிப் பயத்தில் மக்கள் கதவைத் திறக்கவே யோசிக்கிறார்கள். பெயர் சொல்லி, அட்டையைக் காட்டி, "சந்தேகம் இருந்தால் இந்த எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். எந்த நேர்மையான ஆய்வும் அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லையோ வங்கிக் கணக்கு எண்ணையோ கேட்காது. அவளிடம் அப்படி ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தால் அன்றே விலகிவிடச் சொல்லுங்கள்.

சம்பளம் மணிக்கணக்கா, முடித்த பேட்டிக் கணக்கா என்பதையும் கேட்க வேண்டும். பேட்டிக்கு இவ்வளவு என்று இருந்தால் ஆசை காட்டும். காப்பிக் கடையில் உட்கார்ந்து தானே பத்துத் தாளை நிரப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது டேப்லெட் ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நொடி ஆனது என்று பதிந்துவைக்கிறது. பேட்டி கொடுத்தவர்களில் சிலரை மேற்பார்வையாளர் திரும்ப அழைத்து விசாரிப்பதும் உண்டு. மாட்டிக்கொண்டால் வேலை மட்டுமல்ல, பெயரும் போகும்.

அடுத்தது நீங்கள் உண்மையிலேயே கேட்க நினைத்தது: இதில் எதிர்காலம் உண்டா?

பேட்டியாளர் வேலையே வாழ்க்கைத்தொழில் ஆவது அபூர்வம். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் தொழில் பெரியது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்கும் கொள்கை ஆய்வுக் கழகம் 1988ல் தொடங்கியது. இன, சமய நல்லிணக்கம் பற்றியும் பொதுத் தேர்தல்களுக்குப் பிறகு வாக்காளர் மனநிலை பற்றியும் அது நடத்தும் ஆய்வுகள் செய்தியில் அடிபடும். (தேர்தல் ஆணை பிறப்பித்த நாள் முதல் வாக்களிப்பு முடியும்வரை தேர்தல் கருத்தாய்வு முடிவுகளை இங்கே வெளியிடக்கூடாது என்பது சட்டம். அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.) சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2015 முதல் 50 வயதைத் தாண்டியவர்களிடம் மாதாமாதம் இணையம்வழி கேள்வி கேட்டு வருகிறது. புள்ளிவிவரத் துறை, மனிதவள அமைச்சு, மருத்துவ ஆய்வு நிலையங்கள், சந்தை ஆய்வு நிறுவனங்கள் என்று இடங்கள் உண்டு.

ஒளிக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டத்துக்கு வந்த நிதி தீர்ந்தால் வேலையும் தீரும். மேலே போக முதுகலையாவது வேண்டும், தானே ஆய்வை வழிநடத்த முனைவர் பட்டம். நிரந்தர வேலைதான் நிம்மதி என்றால் அரசாங்கப் பக்கம் பார்க்கலாம்.

பாடம் எடுக்கும்போது சமூகவியல் மட்டும் அல்லது புள்ளியியல் மட்டும் என்று நிற்காமல் இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது. தேசியப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல், அறிவியல் கல்லூரியில் அப்படிச் சேர்த்துப் படிக்க வழி இருக்கிறது. ஏ நிலையில் எச்2 என்னும் முழுப் பாடக் கணிதம் எடுத்திருக்கிறாள் என்றால் கதவு திறந்தே இருக்கிறது. கோடிங் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டீர்கள். இவளும் புள்ளிவிவரங்களை அலசும் ஆர் என்ற மென்பொருளில் நிரல் எழுதத்தான் போகிறாள். ஆனால் அவள் பிரித்துப் பார்க்கும் எண்ணுக்குப் பின்னால் எந்த மாடியில் யார் என்ன முகத்தோடு பதில் சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நேர்காணலில் நான் உட்கார்ந்த இடங்களில் இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் தனியாகத் தெரிந்தார்கள்.

ஒத்துவராவிட்டால் மூன்றாவது வாரமே தெரிந்துவிடும். பத்துக் கதவில் ஏழு மூடிக்கொள்ளும் நாள்கள் வரும். அழுதுகொண்டு வந்தால் "அப்பவே சொன்னேனே" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், சோறு போட்டுவிட்டு மறுநாள் கேளுங்கள்.

ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாருடைய பெயரோ முகவரியோ பதிலோ அதில் வரக்கூடாது. எந்தக் கேள்வியில் ஆட்கள் தடுமாறினார்கள், எந்தத் தமிழ்ச் சொல்லைத் திருப்பிக் கேட்டார்கள் என்பது மட்டும் போதும். தேர்வு முடிவு வந்ததும் அந்தக் குறிப்பேட்டோடு அவளை அழைத்து வாருங்கள். வியாழக்கிழமை சாயங்காலங்களில் நான் இருப்பேன்.