பின்னால் வருபவர்களின் பங்கு

அஸ்ஸலாமு அலைக்கும். ஐ.நா. 2015-இல் அறிவித்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளும் 1400 ஆண்டுகளுக்கு முன்பே இஸ்லாம் சொன்னவைதானே? கல்லூரிக் கருத்தரங்கில் இதுபற்றிக் கட்டுரை வாசிக்கிறேன். ஒவ்வோர் இலக்குக்கும் பொருத்தமான வசனத்தைக் குறிப்பிட முடியுமா?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வ அலைக்குமுஸ் ஸலாம். பதினேழுக்கும் வசனம் ஒட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் அது குர்ஆனுக்கு ஐ.நா.விடம் சான்றிதழ் வாங்கும் வேலை. எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்.

மனிதன் பூமியில் பிரதிநிதி (2:30), வீண்விரயம் கூடாது (7:31) என்பதெல்லாம் மேடைக்கு மேடை கேட்டாயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) ஒரு ‘முத்து’, அதாவது ஒரு லிட்டர்கூட வராத அரபு அளவை, அவ்வளவு நீரில் ஒளு (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுதல்) செய்தார்கள். நாமோ குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, ஈரக் கையால் தலையைத் தடவி மஸ்ஹு செய்யும்போதும் அது ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பவரிடம் விரயத்தைப் பற்றியே பேசுகிறோம். போகட்டும்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஒரு முடிவுதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இராக் கைக்கு வந்துவிட்டது. யூப்ரடீஸும் டைக்ரிஸும் பாயும் ஸவாத் நிலத்தைப் பங்கிடச் சொல்லிப் படைவீரர்கள் கேட்டார்கள். கேட்டதில் தவறே இல்லை. போரில் வென்ற கைபர் நிலத்தை நபியவர்களே பங்கிட்டிருந்தார்கள். நபித்தோழர் பிலால் (ரலி) போன்றவர்களே விடாமல் வாதாடினார்கள். உமர் மறுத்தார்கள். இன்றே பிரித்துக் கொடுத்து, அது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று போய்விட்டால் பின்னால் வருபவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள். ‘அவர்களுக்குப் பின் வந்தவர்கள்’ என்று பேசும் 59:10 உமருக்கு ஆதாரமாயிற்று. நிலம் உழுதவர்களிடமே நின்றது. கராஜ் என்னும் நிலவரி பொதுக் கருவூலத்துக்கு வந்தது. இமாம் அபூ யூசுஃபின் ‘கிதாபுல் கராஜ்’ இந்த வழக்கைப் பதிவு செய்திருக்கிறது. இதையெல்லாம் படிக்காமல் என்ன கருத்தரங்கு?

உரிமையில்லாதவனிடம் இல்லை என்று சொல்ல யாராலும் முடியும். போரிட்டு வென்று, உரிமையோடு வந்து நின்றவர்களிடம், இன்னும் பிறக்காதவர்களுக்காக இல்லை என்றார்கள் உமர். நம் பேச்சாளர்கள் இந்த இடத்துக்கு மட்டும் வருவதேயில்லை. வந்தால், என் நிலம், என் ஆழ்குழாய்க் கிணறு, எவ்வளவு உறிஞ்சினால் உனக்கென்ன என்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் பெரும்பாலும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

பதினேழையும் விட்டுவிட்டு இதை எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் குறையட்டும். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், ஒற்றுப்பிழைகளையாவது திருத்தித் தருகிறேன். கடிதத்தில் இருந்தவற்றைத் திருத்தித்தான் வெளியிட்டிருக்கிறேன்.