குடித்துவிட்டு ஓட்டியவரால் காயமடைந்தோருக்குச் சட்டம் தரும் வழிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் தச்சு வேலை செய்பவர், வயது 34. மூன்று மாதங்களுக்கு முன் வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் வந்தபோது எதிரே வந்த கார் மோதியதில் வலது கை நொறுங்கிவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் அவரால் உளியைப் பிடிக்க முடியவில்லை. காரை ஓட்டியவர் குடித்திருந்ததாகக் காவல்துறையே வழக்குப் பதிந்தது. இப்போது அவர் நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் அபராதம் கட்டிவிட்டார், வழக்கு முடிந்துவிட்டது என்கிறார்கள். இனி எங்களுக்கு வழி இல்லையா?
— ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: முடிந்திருப்பது அவருக்கும் அரசுக்கும் இடையிலான ஒரு கணக்கு மட்டுமே; உங்கள் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அந்த அபராதம் அரசின் கருவூலத்துக்குப் போகும் பணம். உங்கள் கணவர் இழந்த கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கவனக்குறைவாக வாகனம் ஓட்டியதற்கும், அதனால் கொடுங்காயம் விளைவித்ததற்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 ஆகிய பிரிவுகள் தனியே இருக்கின்றன. கொடுங்காயத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அந்தப் பிரிவுகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறதா என்பதை முதலில் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். ஓட்டியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால், அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை உடனே மனுச் செய்து பெறுங்கள். அவர் தப்பித்துவிட்டார் என்று நீங்கள் வருந்துகிற அந்தக் காகிதமே இழப்பீட்டு வழக்கில் உங்களுக்குச் சாட்சியாக நிற்கும்.

இழப்பீட்டை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின் கீழ் கேட்க வேண்டும். விபத்து நடந்த ஊர், நீங்கள் வசிக்கும் ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் ஆகியவற்றுள் எந்த எல்லையில் உள்ள தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். ஓட்டுநர், காரின் பதிவு பெற்ற உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். குற்றவியல் வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குற்றவியல் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்கும். தீர்ப்பாயமோ எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதை வைத்தே முடிவு செய்யும். ஆகவே அங்கே ஓட்டுநர் விடுதலையானாலும் இங்கே இழப்பீடு கிடைக்கலாம்.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் காயமடைந்த ஏழைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் இழப்பது இந்த இடத்தில்தான். மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலி, உடனிருந்து பார்த்துக்கொண்டவரின் செலவு, வலியும் வேதனையும், இனி வேண்டியிருக்கும் சிகிச்சை ஆகியவை ஒரு பக்கம். எதிர்கால வருமான இழப்பு மறுபக்கம். பெரிய தொகை அதில்தான் இருக்கிறது. மருத்துவக் குழு உடலின் ஊனத்தைச் சதவீதத்தில் சொல்லும். ஆனால் தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது, அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு முடக்கியது என்பதை. உச்ச நீதிமன்றம் 2010இல் அளித்த ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாக விளக்கியிருக்கிறது: இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு ஏறத்தாழ நூறு சதவீதமாகக்கூட இருக்கலாம்; அதே இழப்பு நேர்ந்த அரசு எழுத்தர் வேலையில் தொடரக்கூடும்.

உங்கள் கணவர் மாதம் 18,000 ரூபாய் ஈட்டினார் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழிலாளருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்த விதி. அப்படிச் சேர்த்தால் மாதம் 25,200, ஆண்டுக்கு 3,02,400. 31 முதல் 35 வயது வரையிலானவர்களுக்கான பெருக்கு எண் 16. அதனால் பெருக்கினால் 48,38,400 ரூபாய். மருத்துவச் சான்றிதழில் உள்ள 40 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் கிடைப்பது 19,35,360. தொழில் முடக்கம் 60 சதவீதம் என்று நிறுவினால் கிடைப்பது 29,03,040. இந்த வேறுபாடு வழக்கறிஞரின் பேச்சுத் திறனால் வருவதன்று. எந்தக் கருவியை இப்போது கையாள முடியவில்லை என்று மருத்துவரும், வேலை கொடுத்தவரும், உடன் வேலை செய்தவரும் சாட்சி சொல்வதால் வருவது. சம்பளச் சீட்டு இல்லை என்பதற்காக அஞ்ச வேண்டாம். அது இல்லாதவருக்கும் தீர்ப்பாயம் ஒரு வருமானத்தை நிர்ணயிக்கும். ஆனால் வேலை கொடுத்தவரின் சாட்சியமும், வங்கிக் கணக்குப் புத்தகமும், நல வாரிய அட்டையும் இருந்தால் அந்தத் தொகை உயரும்.

கேள்வி: எங்கள் மனுவுக்குக் காப்பீட்டு நிறுவனம் தாக்கல் செய்த பதிலுரையில், ஓட்டுநர் மது அருந்தியிருந்ததால் பாலிசி நிபந்தனை மீறப்பட்டது, எனவே தங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர் குடித்திருந்தார் என்று நாங்களே நிரூபித்தால், எங்கள் பணத்துக்கு நாங்களே தடை போட்டுக்கொள்வதாக ஆகாதா?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: மிக நியாயமான அச்சம். பாலிசி என்பது வாகன உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். அதில் உரிமையாளர் தரப்பு தவறு செய்தது என்பதற்காக, அந்த ஒப்பந்தத்தில் இடம்பெறாமல் சாலையில் சென்ற மூன்றாம் நபரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பதுதான் கட்டாயக் காப்பீட்டின் நோக்கமே. எனவே நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்பற்றும் முறை, நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைச் செலுத்திவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பதாகும். குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகளில் கேரள உயர் நீதிமன்றம் 2023இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2025 தொடக்கத்திலும் இவ்வாறே உத்தரவிட்டன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரண்டும் பழைய சட்டம் நடப்பில் இருந்த காலத்து விபத்துகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, குடிபோதையில் ஓட்டியதை நிறுவனங்கள் எதிர்வாதமாக எடுக்கலாம் என்று 150ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டுவிட்டது. உங்கள் வழக்கிலும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஓட்டுநர் உரிமம் இல்லாதவர் ஓட்டியது என்ற எதிர்வாதமும் அதே உட்பிரிவில்தான் இருக்கிறது. அந்த மீறல் நிரூபணமான வழக்குகளிலேயே, முதலில் கொடுத்துப் பிறகு வசூலிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2004 முதல் வழிகாட்டி வந்திருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் இந்த ஒப்புமையை எழுத்து வாதத்தில் கட்டாயம் வைக்க வேண்டும். மேலும், நிபந்தனை மீறப்பட்டதை நிரூபிக்கும் சுமை நிறுவனத்தைச் சேர்ந்தது. பொறுப்பை நிறுவ நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஓட்டுநரின் கவனக்குறைவை மட்டுமே.

ஓட்டுநர் குடித்திருந்தார் என்பதால் மட்டும் இழப்பீட்டுத் தொகை உயர்வதில்லை. பல குடும்பங்கள் முழு ஆற்றலையும் அதை நிரூபிப்பதில் செலவிட்டுவிட்டு, வருமானத்துக்கும் ஊனத்துக்கும் சாட்சியம் இல்லாமல் நிற்பதைக் காணும்போது மனம் கனக்கிறது.

கேள்வி: மோதியவரிடம் மது வாடை அடித்ததை நாங்கள் எல்லோரும் உணர்ந்தோம். ஆனால் இரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை. முதல் தகவல் அறிக்கையிலும் அது இல்லை. வழக்கு நிற்குமா?
— ஒரு கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இழப்பீட்டு வழக்கு நிற்கும். தவறான பக்கத்தில் வந்து மோதினார் என்பது சம்பவ இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் மகஜராலும் சாட்சியாலும் தெரிந்தால் போதும். குற்றவியல் வழக்கில்தான் பரிசோதனை முடிவு பெரிதும் வேண்டியிருக்கிறது. 2006இல் மும்பை கார்ட்டர் சாலையோரம் உறங்கிய தொழிலாளர்கள் மீது கார் ஏறி 7 பேர் இறந்த வழக்கில், இரத்தத்தில் மது இருந்தது அறிவியல் முறையில் பதிவாகியிருந்தது. அது வெறும் கவனக்குறைவு அன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததில் அந்தச் சான்றுக்கும் இடமிருந்தது.

உங்கள் வழக்கில் ஓட்டுநரும் காயத்துடன் மருத்துவமனைக்குச் சென்றிருந்தால், அங்கே பதிவான விபத்துப் பதிவேட்டை, அதாவது ஏ.ஆர். காப்பியைத் தேடச் சொல்லுங்கள். பணியில் இருந்த மருத்துவர் மது வாடை இருந்ததாக அதில் குறித்திருக்கக்கூடும். சாலையோரக் கடைகளின் கேமராப் பதிவுகள் சில நாள்களிலேயே அழிந்துவிடும் என்பதால், அவற்றைப் பாதுகாக்கக் கோரி ஆய்வாளருக்கு உடனே மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

கேள்வி: நண்பர் குடித்திருந்தது தெரிந்தும் அவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து சென்றேன். தடுப்பில் மோதி என் கால் உடைந்தது. நான் இழப்பீடு கேட்க முடியுமா?
— பெயர் வெளியிட விரும்பாதவர், ஓசூர்

பதில்: கேட்கலாம். முதலில் பாலிசியைப் பாருங்கள். பேச்சு வழக்கில் நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் பாலிசி பின்னால் அமர்ந்திருப்பவரையும் காக்கும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி பொதுவாகக் காக்காது, அப்போது உரிமையாளரே பொறுப்பு. போதையில் இருப்பவர் என்று தெரிந்தே ஏறியது உங்கள் பங்குக் கவனக்குறைவு என்று வாதிடுவார்கள். ஏற்கப்பட்டால் தொகையில் ஒரு பகுதி குறையும். தலைக்கவசம் அணியாததும் அவ்வாறே எடுத்துக்கொள்ளப்படலாம். இரண்டையும் மறைத்து மனு எழுத வேண்டாம்; மருத்துவப் பதிவில் அவை இருக்கும்.

கேள்வி: என் தந்தை மீது மோதியவர் மருத்துவச் செலவுக்கு 60,000 ரூபாய் கொடுத்து, இனி வழக்கு எதுவும் வேண்டாம் என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இப்போது எட்டு மாதம் ஆகிறது. தந்தையால் இன்னும் நடக்க முடியவில்லை.
— ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: உங்கள் தந்தையின் உரிமையை உங்கள் கையெழுத்தால் விட்டுக்கொடுக்க முடியாது. பெற்ற தொகையை மனுவில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது கழிக்கப்படலாம், அவ்வளவே. காவல் நிலைய வாசலில் எழுதிக்கொடுத்த ஒரு தாளுக்கு அஞ்சி, படுக்கையில் கிடக்கும் மனிதருக்கான வழக்கைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கவலைக்குரியது காலம். விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 166ஆம் பிரிவில் சேர்க்கப்பட்ட விதி 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, ஆறு மாதம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அது இறுதித் தீர்ப்பு அன்று. அதை நம்பி மேலும் நாள் கடத்துவது ஆபத்து. இதற்கிடையே, விபத்தைப் பற்றிய விரிவான அறிக்கையைக் காவல்துறை 90 நாள்களுக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்ற விதியும் உள்ளது. அனுப்பியிருந்தால் அதையே இழப்பீட்டு மனுவாகக் கருதித் தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்பதால், அதை நாளையே விசாரியுங்கள்.

வழக்கறிஞர் அமர்த்த வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் வகுப்பினர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். மருத்துவமனைக்கே தேடி வந்து, கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுகிறவர்களிடம் வக்காலத்தில் கையெழுத்திட வேண்டாம். தீர்ப்புத் தொகையில் பங்கு கேட்பது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே முரணானது. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசம் பேச அழைத்தால், தந்தையின் சிகிச்சை ஒரு நிலைக்கு வந்து ஊனச் சான்றிதழ் கையில் கிடைத்த பிறகே தொகைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே பதிவாகும் உடன்பாட்டின் மீது மேல்முறையீடு செய்ய முடியாது.