இங்கிலாந்தில வேலியோரம் காய்க்கிற ஸ்லோ பழத்தைப் பறிச்சுச் சாப்பிடலாமா? வீட்டுக்குப் பிளாக்தோர்ன் வேலி வைக்கிறது நல்லதா?

பறிக்கலாம். ஸ்லோ எண்டது பிளாக்தோர்ன் எண்ட முள்ளுச்செடியின்ர பழம். வேலி வைக்கிறதெண்டால் இதை முழுக்க வாசிச்சிட்டு முடிவெடுங்கோ. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுற தகுதி என்ர வலக்கை நடுவிரலுக்கு இருக்கு, அது இப்பவும் முழுசா மடங்காது.

நீங்கள் புதுசா வீடு வாங்கியிருக்கிறியள் எண்டு நினைக்கிறன். பின்வளவுக்கு அங்கால ஒரு ஒழுங்கை போகும், பலகை வேலி காத்துக்கு ஆடும், கள்ளர் பயம் இருக்கும், ஆரோ ஒருத்தர் "முள்ளு வேலி வை, ஒருத்தனும் ஏறமாட்டான், பழமும் கிடைக்கும்" எண்டு சொல்லியிருப்பினம். சரியோ? எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை.

நாங்கள் 2012 இல தெற்கு இங்கிலாந்தில குரோலிப் பக்கம் வீடு வாங்கினது. அந்த வருசம் ஒக்டோபரில பின்னால போற நடைபாதையால நடக்கேக்க வேலி முழுக்கக் கருநீலமாக் காய்ச்சுக் கிடந்தது. தூரத்தில பாக்க அப்பிடியே குட்டி நாவற்பழம், மேல வெள்ளையா மாப் பூசின மாதிரி. எனக்கு ஊர் ஞாபகம் வந்திட்டுது, யோசிக்காமல் ஒண்டைப் பிடுங்கி வாயில போட்டன். ஐயோ. பிஞ்சு நாவற்காய் கயரும் தானே, அதைப்போல பத்து மடங்கு. நாக்கு தடிச்சு அண்ணத்தோட ஒட்டி, ஒரு பத்து நிமிசம் கதைக்க ஏலாமல் நிண்டன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா நாயோட வந்தவ, என்ர முகத்தைப் பாத்திட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அவதான் எனக்கு இதின்ர பேரைச் சொன்னவ.

அந்தக் கயருக்குக் காரணம் டனின். தேயிலைச் சாயத்தை வத்தக் காய்ச்சிக் குடிச்சால் வருமே, அதே சாமான். அந்தக் காலத்தில முதல் பனி உறைஞ்சாப் பிறகுதான் பறிக்கிறது எண்டு அவ சொன்னா, பனியில தோல் வெடிச்சுப் பழம் இளகும், கயரும் கொஞ்சம் குறையும். இப்ப பனிக்குக் காத்திருந்தால் குருவியள் தின்னு முடிச்சிடும். செப்டம்பர் கடைசி, ஒக்டோபரில பழம் நசிச்சால் லேசா அமுங்கிற நேரம் பறிச்சு ரெண்டு நாள் ஃபிறீசரில போட்டால் அதே வேலை நடக்கும்.

தெரியாத கறுப்புப் பழத்தை எல்லாம் வாயில போடாதேங்கோ. நான் போட்டது மடைத்தனம். கண்ட செடியிலயும் சின்னக் கறுப்புப் பழம் இஞ்ச காய்க்கும், அதில நஞ்சும் இருக்கு. ஸ்லோ எண்டால் கொப்பில நீட்டு முள்ளு இருக்கும், பழத்தில மாப் படிஞ்சிருக்கும், உள்ளுக்கு ஒரேயொரு கொட்டை, அதுவும் சதையோட ஒட்டிக்கொண்டு. இந்த மூண்டில ஒண்டு இல்லாட்டியும் தொடாதேங்கோ. கொஞ்சம் பெரிசா, முள்ளுக் குறைவா, அவ்வளவு கயராமல் இருந்தால் அது புல்லஸ் எண்ட காட்டு பிளம், அதுவும் நல்லதுதான். கொட்டையை மட்டும் உடைக்கவோ அரைக்கவோ கூடாது, அதுக்குள்ள சயனைட் வரக்கூடிய சாமான் இருக்கு.

இப்ப ஒருத்தர் கொமெண்டில வந்து "அடுத்தவன்ர காணியில பறிக்கிறது களவு" எண்டு எழுதுவார், போன தடவையும் எழுதினவர். அண்ணை, இங்கிலாந்து வேல்ஸில 1968 ஆம் ஆண்டுக் களவுச் சட்டம், 4 ஆம் பிரிவு 3 ஆம் உட்பிரிவைப் பாருங்கோ. தன்பாட்டில வளந்த செடியில பழம், பூ, இலை பறிக்கிறது களவில்லை, விக்கிற நோக்கம் இருந்தால்தான் களவு. அதுக்காக வேலி பாய்ஞ்சு உள்ளுக்குப் போகலாம் எண்டு நான் சொல்லேல்ல, நடைபாதையில நிண்டு பறியுங்கோ. சில பார்க்குகளுக்குத் தனிச்சட்டம் இருக்கும், போர்ட்டை வாசியுங்கோ. வேரோட கிளப்பிறது மட்டும் 1981 ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி காணிக்காரன்ர அனுமதி இல்லாமல் ஏலாது. நான் லோயர் இல்லை, ஆனா இதை வாசிச்சுப் பாத்திட்டுத்தான் எழுதிறன்.

பறிச்ச பழத்தை என்ன செய்யிறது எண்டும் கேப்பியள். வெள்ளைக்காரர் ஜின்னில ஊறப்போடுவினம். அந்த அம்மா சொல்லித்தந்த கணக்கு: 70 சென்டிலீற்றர் போத்தில் ஜின்னுக்கு 450 கிராம் பழம், 225 கிராம் சீனி. பெரிய ஜாடியில போட்டு முதல் ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் குலுக்கி, இருட்டில மூண்டு மாதம் வைச்சு வடிச்சால் மாணிக்கக் கல்லு நிறத்தில வரும். ஒக்டோபரில போட்டால் கிறிஸ்மஸுக்கு ஒரு மாதிரிக் குடிக்கலாம், அடுத்த கிறிஸ்மஸ் மட்டும் விட்டால்தான் ருசி.

ஆனா என்ர கண்டுபிடிப்பு ஊறுகாய். உறைஞ்ச பழத்தை இளகவிட்டு, கொட்டையைச் சுத்திக் கீறி எடுத்து, கிலோவுக்கு 100 கிராம் உப்புப் போட்டு ஒரு கிழமை வைச்சு, பேந்து நல்லெண்ணெயில கடுகு, மிளகாய்த்தூள், வெந்தயம், கொஞ்சம் வினாகிரி. கயர் முழுக்கப் போகாது, அந்த மிச்சக் கயர்தான் சோத்துக்கு வடிவாப் போகும். சாப்பிட்ட ஆக்கள் எல்லாம் கிளாக்காயோ எண்டுதான் கேப்பினம். ஒரு கடைக்காரர் "போத்திலில அடைச்சுத் தா, நான் விக்கிறன்" எண்டவர். விக்கிறதெண்டால் காட்டுப் பழம் ஏலாது, மேல சொன்ன சட்டம். அப்ப சொந்த வேலியில காய்ச்சால்? அங்க துவங்கினதுதான் என்ர ஆசை.

இதுக்குள்ள ஒண்டு சொல்லவேணும், கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான். எங்கட ஆக்களுக்கு நான் முள்ளுப்பத்தையில பழம் பொறுக்கிறது ஒரு வெக்கக்கேடு. "உனக்கென்ன காசில்லையோ" எண்டு மச்சான் முகத்துக்கு நேர கேட்டவர். அதே மச்சான் சனிக்கிழமை எண்டால் பிள்ளையளை வெளிக்கிடுத்திக்கொண்டு ஹோல் ஹோலா ஓடுறார், ஒண்டில் பேர்த்டே, ஒண்டில் சாமத்திய வீடு, ஐந்து மணி எண்டு கார்ட்டில போட்டு எட்டரைக்குத் துவங்கி, காது கிழிய மைக், பிள்ளையள் ஒரு மூலையில போனோட. வருசம் முழுக்க ஒரு வயலுக்குள்ள கால் வைச்சிருக்காதுகள். அங்க நான் வரேல்லை எண்டு கோவம் வேற. நான் குடிகாரனாம், ஜின் காய்ச்சிறனாம். காய்ச்சிறதில்லை ஐயா, ஊறப்போடுறது. சரி விடுவம்.

வேலிக்கு வாறன். 2013 ஒக்டோபர் 28 தெற்கு இங்கிலாந்தில ஒரு புயல் அடிச்சது ஞாபகமிருக்கும், எங்கட பின்வளவுப் பலகை ஏழும் படுத்திட்டுது. அண்டைக்கே முடிவு, உயிர்வேலிதான். டிசம்பரில 60 கன்று வாங்கினன். மண் இல்லாமல் வெறும் வேரோட வரும், நவம்பரில இருந்து மார்ச்சுக்குள்ள நடவேணும், பெரிய செடி வாங்கிறதை விட எவ்வளவோ மலிவு. 12 மீற்றர் நீளத்துக்கு மீற்றருக்கு ஐஞ்சு எண்டு ரெண்டு வரிசையா இடைக்கிடை வைச்சு, முயல் கடிக்காமல் ஒவ்வொண்டுக்கும் பிளாஸ்ரிக் சுருள் போட்டன். எங்கட பக்கம் களிமண், அது அதைப் பற்றிக் கவலையே படேல்லை. 2017 மார்ச்சில இலை வரமுன்னமே வெறும் கறுப்புக் கொப்பெல்லாம் வெள்ளைப் பூ. என்ர மனுசி படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினவ.

அடுத்த வருசம் பக்கத்து வீட்டுப் புல்லுக்குள்ள முள்ளு முளைச்சது.

பிளாக்தோர்ன் வேரால ஓடும். அடியில இருந்து குருத்து விட்டு விட்டு, ஒரு சின்னப் பத்தையாப் பரவுறதுதான் அதின்ர இயல்பு. விக்கிறவன் இதைச் சின்ன எழுத்தில போட்டிருப்பான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஏனெண்டால் நான் பிறந்து வளந்த வீட்டில வருசா வருசம் வேலிச் சண்டை. வேலி அடைக்கிற காலம் வந்தால் ரெண்டு பக்கமும் கத்தியோட நிப்பினம், கிளுவைக் கதியாலை ராவோட ராவா அரையடி தள்ளிப் போட்டதெண்டு அப்பா ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், கோர்ட் வரைக்கும் போய் வழக்கு முடியமுன்னம் ரெண்டு பேரும் போய்ச் சேந்திட்டினம். இனி என்ர வாழ்க்கையில வேலிச் சண்டை வேண்டாமெண்டு இருந்தனான். இங்க கதியாலை ஆரும் நகத்தத் தேவையில்லை, அது தானா நகருது.

பக்கத்து வீட்டு அம்மா முதல் வருசம் ஒண்டும் சொல்லேல்லை. ரெண்டாம் வருசம் அவவின்ர நாய்க்குக் காலில குத்திப்போட்டுது. அதுக்குப் பிறகு எனக்கு ஸ்லோ ஜின் சொல்லித்தந்த மனுசி என்னோட கதைக்கிறதில்லை, எல்லாம் கடிதம்தான். கடிதம் நல்ல மரியாதையா இருக்கும், அதுதான் இன்னும் கூடக் குத்தும்.

சரி எண்டு 2019 ஒக்டோபரில நான் போய் அவவின்ர பக்கக் குருத்தைப் பிடுங்கினன். துணிக் கிளவுஸ்தான் போட்டிருந்தனான். நடுவிரல் மூட்டில ஒரு முள்ளு ஏறினது, இழுத்து எடுத்தன், முழுக்க வந்திட்டுது எண்டு நினைச்சன். ரெண்டு நாளில விரல் வாழைக்காய் மாதிரி. டொக்டர் அன்ரிபயோற்றிக் தந்தார், வத்தினது, மருந்து முடியத் திரும்ப வீங்கினது. திரும்ப அதே மருந்து. எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை எண்டு அனுப்பிப்போட்டினம். மரமுள்ளு எக்ஸ்ரேயில அனேகமாத் தெரியாது எண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். ஏழாம் கிழமை ஒரு கைச் சத்திரசிகிச்சை டொக்டர் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாக்க, மூட்டுக்குள்ள நாலு மில்லிமீற்றர் நுனி உடைஞ்சு கிடக்கு. இந்த முள்ளு மூட்டுக்குள்ள போனால் மூட்டுச் சவ்வு அழலும், முள்ளை எடுக்காமல் மருந்தால மட்டும் மாறாது. வெட்டி எடுத்துக் கழுவினவை. டொக்டர்மாரை நான் குறை சொல்லேல்லை, ஆனா நீங்கள் போனால் "பிளாக்தோர்ன் முள்ளு" எண்டு பேரைச் சொல்லுங்கோ, வெறும் முள்ளு எண்டு சொல்லாதேங்கோ. ஏற்பூசியையும், அதுதான் ரெற்றனஸ் ஊசி, கேளுங்கோ.

பிறகு என்ன செய்தன்? அவவின்ர எல்லைப் பக்க 4 மீற்றரைக் கிளப்பிப்போட்டு ஹோர்தோர்ன் வைச்சன். அதுவும் முள்ளுத்தான், ஆனா அப்பிடி ஓடாது. ஒழுங்கைப் பக்கம் மட்டும் பிளாக்தோர்ன் நிக்குது, அங்கால தார் ரோட்டு, இங்கால நான் கிழமைக்கொருக்கா மெசின் விட்டுக் குருத்தைச் சிரைக்கிறன். உங்கட வளவு சின்னனெண்டால் பிளாக்தோர்னை மட்டும் தனிய வைக்காதேங்கோ, ஹோர்தோர்னோட கலந்து ஐஞ்சில ஒண்டு காணும், அதுவும் பக்கத்து வீட்டு எல்லையில வேண்டாம்.

வைச்சால் வருசா வருசம் மொட்டையடிக்கவும் வேண்டாம். பூ பழைய கொப்பிலதான் வரும், ஒவ்வொரு வருசமும் வெட்டினால் முள்ளுத்தான் மிச்சம். எங்கட பக்க வயல் வேலியளைப் பாருங்கோ, பறவை கூடு கட்டுற காலமெண்டு மார்ச் 1 இல இருந்து ஓகஸ்ட் 31 வரைக்கும் வெட்டக் கூடாது, 2024 இல இருந்து இங்கிலாந்தில அது தனிச் சட்டமே. நல்ல சட்டம். ஆனா செப்டம்பர் பிறந்த உடனே சிலபேர் ட்ரக்டரில மெசினைப் பூட்டிக்கொண்டு வந்து, பழுக்கிற காயோட சேத்து அடிச்சுக் கொட்டுவினம். பிரவுன் ஹேர்ஸ்ட்ரீக் எண்டொரு வண்ணத்துப்பூச்சி இளம் பிளாக்தோர்ன் கொப்பிலதான் குண்டூசித் தலையளவு வெள்ளை முட்டை இடும், அது குளிர்காலம் முழுக்க அங்கதான் இருக்கும், அதுவும் போச்சு. நான் மூண்டில ஒரு பங்கைத்தான் ஒரு வருசத்தில வெட்டுறன். போன ஜனவரியில பூதக்கண்ணாடியோட நிண்டு நாலு முட்டை எண்ணினன். மனுசி ஜன்னலால பாத்திட்டு ஒண்டும் கேக்கேல்லை.

இந்த வருசம் என்ர வேலியில காய் குறைவு, பூத்த நேரம் குளிர் திரும்பி வந்து எல்லாம் கருகிப்போச்சு. இஞ்ச அதுக்கு "பிளாக்தோர்ன் வின்ரர்" எண்டே பேர். ஒண்டரைக் கிலோதான் தேறினது. கடைக்காரருக்கு இல்லையெண்டு சொல்லிப்போட்டன். ஒரு போத்தில் ஊறுகாயைப் பக்கத்து வீட்டு வாசலில வைச்சன், அடுத்த நாள் கழுவின போத்தில் எங்கட படியில இருந்தது, கடிதம் ஒண்டும் இல்லை.