முதல் டிரையத்லான் போகிறேன். அபராதம் வாங்காமல் முடிக்க எந்த விதிகளை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்?

அயர்ன்மேன் 70.3 மாதிரியான போட்டி (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) என்று வைத்துச் சொல்கிறேன். அபராதத்தில் மாட்டுபவர்களில் பலர் வேண்டுமென்றே எதுவும் செய்திருக்க மாட்டார்கள். சைக்கிளில் ஒருவர் தங்களை முந்திய அடுத்த அரை நிமிடத்தில்தான் சிக்குவார்கள்.

ஒலிம்பிக்கில் கூட்டமாக ஓட்டுவதைப் பார்த்துவிட்டு இங்கே அப்படி ஓட்டக் கூடாது. இது டிராஃப்டிங் (காற்றின் தடையைக் குறைக்க முன்னால் போகிறவரை ஒட்டியே ஓட்டுவது) தடைசெய்யப்பட்ட போட்டி. முன்னால் போகிறவரின் முன் சக்கரத்துக்கும் உங்கள் முன் சக்கரத்துக்கும் 12 மீட்டர் இருக்க வேண்டும். கண்ணால் அளக்க முடியாது, நேரத்தால் அளக்கலாம்: அவர் சக்கரம் ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து உங்கள் சக்கரம் அதைத் தொட ஒன்றரை விநாடியாவது ஆக வேண்டும். மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகிறவருக்கு இந்தக் கணக்கு போதும்.

அந்த 12 மீட்டருக்குள் நுழைந்துவிட்டால் 25 விநாடிக்குள் முந்தியாக வேண்டும். நடுவில் மனம் மாறிப் பின்வாங்குவதும் தவறு. அதாவது அவரைவிட மணிக்கு 2 கி.மீ.யாவது வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தத் தெம்பு இல்லையென்றால் நுழையவே நுழையாதீர்கள். உங்களை ஒருவர் முந்திவிட்டால், அவருடைய முன் சக்கரம் உங்களுடையதைத் தாண்டிய நொடியிலிருந்து பின்வாங்க வேண்டியது உங்கள் பொறுப்பு. முழுதாக 12 மீட்டர் பின்னால் போன பிறகுதான் திரும்ப முந்தலாம். ரோஷத்தில் உடனே மிதித்துத் தாண்டுகிறவர்களுக்குத்தான் நீல அட்டை, அதாவது நின்று கழிக்க வேண்டிய நேர அபராதம். முழு அயர்ன்மேனில் (இதைப்போல் இரு மடங்கு தூரம்) அது 5 நிமிடம். மூன்று நீல அட்டை வாங்கினால் தகுதிநீக்கம். முந்தும்போது தவிர மற்ற நேரமெல்லாம் சாலையின் இடது ஓரம்தான், இல்லாவிட்டால் வழிமறித்த குற்றம்.

டிரான்சிஷனில் (ஒரு பிரிவிலிருந்து அடுத்ததுக்கு மாறும், சைக்கிள்களை வைக்கும் இடம்) ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகே சைக்கிளை எடுக்க வேண்டும், சைக்கிளைத் திரும்ப ஸ்டாண்டில் வைத்த பிறகே பட்டையைக் கழற்ற வேண்டும். உள்ளே ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஏறும் கோட்டைத் தாண்டி ஏறுங்கள், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்குங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் வீரர் ஜோனதன் பிரவுன்லி கோட்டுக்கு முன்பே ஏறியதால் அபராதமாக 15 விநாடி நின்றார், வெண்கலத்தோடு முடித்தார்.

நீச்சலில் மூச்சு வாங்கினால் பாதுகாப்புக்கு நிற்கும் கயாக்கை (சிறு துடுப்புப் படகு) பிடித்துக்கொள்ளலாம், அதை வைத்து முன்னேறக் கூடாது. வெட்சூட் (உடலை ஒட்டிய ரப்பர் நீச்சல் உடை) தண்ணீரின் வெப்பம் 24.5 டிகிரி செல்சியஸ் வரை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் 28.8 வரை அணியலாம், ஆனால் பரிசுப் பட்டியலில் இடமில்லை. கோவா போன்ற வெதுவெதுப்பான கடலுக்கு வெட்சூட் இல்லாமல் நீந்திப் பழகிவிட்டுப் போங்கள்.

இயர்போன் கூடாது. ஜெல் உறையை உதவி மையத்துக்கு வெளியே போடக் கூடாது. மனைவியோ நண்பரோ கூடவே ஓடிவந்தால் அது வெளி உதவி, அட்டை உங்களுக்குத்தான். போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் டியூப், தண்ணீர் கொடுத்துக்கொள்ளலாம்.

அட்டை காட்டினால் வாதாடாதீர்கள், டிராஃப்டிங் முடிவை எதிர்த்து முறையிட வழியில்லை. அடுத்து வரும் பெனால்டி டென்ட்டில் (அபராத நேரத்தைக் கழிக்கும் கூடாரம்) நீங்களாகவே நிறுத்த வேண்டும். யாரும் கைகாட்டி நிறுத்த மாட்டார்கள். தாண்டிப் போனால் தகுதிநீக்கம்.