மே மாதம் பாளையங்கோட்டையில் மாலை வரவேற்பு: கோட்டா, வேட்டியா?

நண்பனின் ரிசப்ஷனுக்கு என்ன உடுத்தலாம், கோட் போடாவிட்டால் மரியாதைக் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். மாப்பிள்ளை கோட் போடட்டும். விருந்தாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் இருட்டிய பிறகும் நம்மூர் புழுங்கும். மண்டபம் ஏசி என்றாலும் பந்திக்கூடம் அப்படி இருக்கும் என்று நம்ப முடியாது.

என் ஓட்டு எட்டு முழ வேட்டிக்கு. இரட்டையாக மடித்துக் கட்டுவதால் விளக்கு வெளிச்சத்தில் கால் தெரியாது. நாலு முழத்தில் அந்தக் கவலை உண்டு. புது வேட்டி இடுப்பில் வழுக்கும். முன்பே ஒருமுறை நனைத்து, லேசாகக் கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுங்கள். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ வைத்த ஒட்டிக்கோ வேட்டி என்றாலும் மேலே பெல்ட் போடுங்கள். போனுக்குப் பை வைத்த டிராயர் உதவும். கரை ஒரு விரல் அகலச் சரிகை போதும். நாலு விரல் கரை மாப்பிள்ளை வீட்டாருக்கு. முழுக்கைச் சட்டை, தோல் செருப்பு. மேடைக்கு முன்னால் மட்டும் வேட்டியை முழங்காலுக்குத் தூக்கி மடித்துக் கட்டாதீர்கள், அண்ணாச்சிமார் முறைப்பார்கள்.

கோட்தான் என்றால் அடர்நீலம் வாங்குங்கள், கருப்பு வேண்டாம். கீழ்ப் பட்டனைப் போடக் கூடாது. டை நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும்.

கிளப்பில் விருந்து என்றாலும் வேட்டிக்குத் தடை போட முடியாது. 2014-இலேயே தமிழகச் சட்டமன்றம் அதற்குச் சட்டம் இயற்றிவிட்டது.